வண்டியை விட்டு இறங்காதே

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த இழுவையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘அமெரிக்காவைக் கரைத்துக் குடித்தவர்’ என்றார். அப்படியெல்லாம் இல்லை. மினசோட்டா மாநிலத்தில் ஒன்பது வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன், அவ்வளவுதான். ‘அமெரிக்காவும் துப்பாக்கியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஒரு காரிலிருந்து தொடங்குகிறேன்.

அங்கே போய் இரண்டாவது மாதம். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். நாற்பது மைல் வேகம் போட்டிருந்த சாலையில் ஐம்பதைத் தாண்டிவிட்டேன். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல்கிறது. ஓரம் கட்டினேன். நம் ஊரில் என்ன செய்வோம்? வண்டியை நிறுத்தி, இறங்கி, ஆர்.சி. புத்தகத்தையும் லைசென்ஸையும் கையில் எடுத்துக்கொண்டு, போலீஸ்காரர் நிற்கிற இடத்துக்கு நடந்துபோய் “சார்” என்போம். உட்கார்ந்தே இருந்தால் திமிர் என்று பெயர். அதே மரியாதையோடு நானும் கதவைத் திறந்து இறங்கினேன். ஒரு கையில் காகிதம். இன்னொரு கை பேன்ட் பின்பக்கப் பாக்கெட்டில் பர்ஸைத் தேடுகிறது. இரண்டு அடி வைத்திருப்பேனா தெரியாது, ஒலிபெருக்கியில் ஓர் அலறல்: “காருக்குள் போ! கையை வெளியே காட்டு!” அவர் கார்க் கதவுக்குப் பின்னால் ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றிருந்தார். சும்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறார் என்றே நினைத்தேன். அப்புறம் எல்லாம் சுமுகமாக முடிந்தது. அபராதச் சீட்டு கொடுத்தார், “பார்த்துப் போங்கள்” என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். கறுப்பினத்தைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எந்தக் கை பாக்கெட்டில் இருந்தது?”

அப்புறம் சாப்பாட்டு மேஜையையே ஸ்டியரிங்காக வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கிற இடத்தில் இரண்டு கையும் இருக்க வேண்டும். விரல்கள் விரிந்திருக்க வேண்டும். இரவானால் உள்விளக்கைப் போட வேண்டும். கேட்கும்வரை எதையும் எடுக்கக் கூடாது. கேட்டாலும், “என் லைசென்ஸ் பின்பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கட்டுமா?” என்று சொல்லிவிட்டுத்தான் கையை நகர்த்த வேண்டும். கார் ஓட்டக் கற்ற வயதில் அவருடைய அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாம். கறுப்பினக் குடும்பங்களில் இதற்கு ‘அந்தப் பேச்சு’ என்றே பெயர். எந்தப் பேச்சு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

நம் பத்திரிகைகளில் ‘போலீஸ் துப்பாக்கிச் சூடு’ என்று படித்தால் நம் கண்முன் என்ன வருகிறது? ஒரு கூட்டம். ஊர்வலம், கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, கடைசியில் சூடு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்தது அதுதான். 13 பேர் செத்தார்கள், யார் உத்தரவு கொடுத்தது என்று விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. அமெரிக்காவில் அதே வார்த்தைக்கு வேறு காட்சி. உத்தரவு என்று ஒன்று இருக்காது, கூட்டமும் இருக்காது. ஒரு போலீஸ்காரர், ஒரு ஆள், ஒரு கார் அல்லது ஒரு வாசற்படி, சில விநாடிகள். இப்படி ஆண்டுக்குச் சுமார் 1,000 பேர் போலீஸ் குண்டுக்குச் சாகிறார்கள். அரசாங்கத்திடம் ஒழுங்கான கணக்கே இருந்ததில்லை. 2014-இல் ஃபெர்குசன் நகரத்தில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் சுடப்பட்டு ஊரே கொந்தளித்த பிறகு, 2015 முதல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை உட்கார்ந்து ஒவ்வொரு சாவாக எண்ணியது. எண்ணிக்கையில் வெள்ளையர்தான் அதிகம். ஆனால் மக்கள்தொகையோடு சேர்த்துப் பார்த்தால், கறுப்பினத்தவர் சாகும் விகிதம் வெள்ளையரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஜெர்மனியில் போலீஸ் சுட்டுச் சாவது ஆண்டுக்குப் பத்து இருபது பேர் அளவில்தான். இங்கிலாந்தில் பெரும்பாலான போலீஸ்காரர்களிடம் துப்பாக்கியே கிடையாது.

சரி, ஏன் இப்படி? அமெரிக்கப் போலீஸ்காரர் எல்லாரும் கொடூரர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் ஒவ்வொரு கார் ஜன்னலையும் நெருங்கும்போது உள்ளே துப்பாக்கி இருக்கும் என்று எண்ணித்தான் நெருங்குகிறார்கள். அந்த எண்ணம் தப்பும் இல்லை. அந்த நாட்டில் மக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடி என்று 2018-இல் வெளியான ஒரு சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. நூறு பேருக்கு நூற்றிருபது. தொட்டில் குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஜார்ஜியா மாநிலத்தில் 1998 ஜனவரியில் கைல் டிங்கெல்லர் என்ற 22 வயது துணை ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்), மணிக்கு 98 மைல் வேகத்தில் போன ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தினார். வண்டிக்காரர் இறங்கி நடுரோட்டில் கூத்தாடினார், “என்னைச் சுடு” என்று கத்தினார், திரும்பிப் போய் வண்டிக்குள்ளிருந்து ரைஃபிளை எடுத்தார். டிங்கெல்லர் “கீழே போடு, கீழே போடு” என்று கெஞ்சுகிற குரல் அவருடைய கார் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அவர் செத்துப்போனார். அந்த வீடியோவை அமெரிக்கா முழுக்கப் போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் போட்டுக் காட்டுகிறார்கள். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: தயங்கினால் சாவு. அங்கே ஆண்டுக்கு ஐம்பது அறுபது போலீஸ்காரர்கள் கொல்லப்படுகிறார்கள், பெரும்பாலும் துப்பாக்கியால். அவர்கள் மனைவிமாரும் இரவு ஷிஃப்ட் முடிகிறவரை போனைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள்.

இன்னொரு வீடியோ இருக்கிறது. அதை உலகமே பார்த்தது.

2016 ஜூலை 6, இரவு ஒன்பது மணி. நான் குடியிருந்த இடத்திலிருந்து இருபது நிமிடத்தில் போய்விடலாம், ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சின்ன ஊர். ஃபிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயதுக் கறுப்பினத்தவர் கார் ஓட்டி வருகிறார். பக்கத்தில் காதலி, பின் இருக்கையில் அந்தக் காதலியின் நான்கு வயது மகள். காஸ்டில் செயின்ட் பால் நகரத்தில் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தை நடத்துகிறவர். நம் கணக்கில் சத்துணவு அமைப்பாளர். எந்தக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எந்தக் குழந்தைக்கு என்ன ஆகாது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். முந்தைய பத்துப் பதினைந்து வருஷத்தில் போலீஸ் அவரை நாற்பது தடவைக்கு மேல் நிறுத்தியிருக்கிறது, எல்லாம் சில்லறைப் போக்குவரத்துக் குற்றங்கள். அன்றைக்குச் சொன்ன காரணம் பிரேக் விளக்கு எரியவில்லை என்பது. உண்மையில் ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படுகிற ஆளைப் போல் மூக்கு அகலமாக இருக்கிறது என்று அந்தப் போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் ஏற்கெனவே பேசியிருந்தார்.

காஸ்டிலிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது. இன்சூரன்ஸ் காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் தானாகவே சொன்னார்: சார், ஒன்று சொல்லிவிடுகிறேன், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது. சரி, அதை எடுக்காதே என்றார் போலீஸ்காரர். நான் எடுக்கவில்லை என்றார் இவர். எடுக்காதே என்று மறுபடியும் கத்தினார் அவர். ஏழு குண்டுகள். காஸ்டில் துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பத்து விநாடிகூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த காதலி போனை எடுத்து ஃபேஸ்புக்கில் நேரலையாகப் பேச ஆரம்பித்தார். காஸ்டிலின் சட்டையெல்லாம் ரத்தம், ஜன்னலுக்கு வெளியே துப்பாக்கி இன்னும் நீட்டியபடி இருக்கிறது, அந்த நிலையிலும் “நீங்கள்தானே சார் லைசென்ஸை எடுக்கச் சொன்னீர்கள்” என்கிறார். அந்த ‘சார்’ என் காதில் ரொம்ப நாள் இருந்தது.

அடுத்த ஆண்டு ஜூனில் ஜூரி அந்தப் போலீஸ்காரரை விடுதலை செய்தது.

இப்போது துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் பக்கம் வருவோம். நமக்கு இது எளிதில் புரியாத உலகம். வேண்டுமானால் பக்கத்துக் குடகை நினைத்துக்கொள்ளுங்கள். கொடவர்களுக்கு நம் ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்வார்கள், ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. அமெரிக்கக் கிராமத்தில் துப்பாக்கிக்கு ஏறத்தாழ அந்த இடம். என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் வடக்கு மினசோட்டாக் காட்டுப்பகுதிக்காரர். நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கினால் ஆளைப் பிடிக்க முடியாது. ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் தம்பிகளோடு காட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் மான்கறி சாசேஜ் வரும். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்காகப் பல பள்ளிகளுக்கு விடுமுறையே விடுவார்கள். ஒருதடவை அந்த நண்பர் தன் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து தாத்தா வைத்திருந்த ரைஃபிளைக் காட்டினார். குண்டு இல்லை என்று இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். “ஷெரிஃப் வர நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷத்துக்கு நான்தான் ஷெரிஃப்” என்றார். எனக்கு அவர் சொன்னதில் தப்பு தெரியவில்லை.

அங்கே எல்லோரும் துப்பாக்கிப் பிரியர்கள் என்று நினைக்காதீர்கள். 2023-இல் ப்யூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் மூன்றில் ஒரு பெரியவர்தான் சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார். கிராமப்புறத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், நகரத்தில் ஐந்தில் ஒருவர். குடியரசுக் கட்சிக்காரரில் நூற்றுக்கு 45, ஜனநாயகக் கட்சிக்காரரில் 20. முன்பெல்லாம் வேட்டைக்கு என்றவர்கள் இப்போது பெரும்பாலும் சொல்லும் காரணம் பாதுகாப்பு. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. பாதுகாப்புக்கென்று அலமாரியில் வைத்ததுதான். அதை எந்தக் கட்சியும் மேடையில் பேசிக் கேட்டதில்லை.

அந்தப் பாதுகாப்பு உணர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு ஒரு பையனைச் சொல்கிறேன். 1992 அக்டோபர், லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரம். ஜப்பானிலிருந்து பள்ளிப் பரிமாற்றத்தில் வந்த 16 வயது யோஷிஹிரோ ஹத்தோரி, ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பி வீட்டு எண் தவறி இன்னொரு வீட்டு மணியை அடித்துவிட்டான். வேஷத்துக்காக வெள்ளைக் கோட்டு, கையில் சின்னக் கேமரா. வீட்டுக்காரர் பெரிய கைத்துப்பாக்கியோடு வந்து “ஃப்ரீஸ்” என்றார். ‘அசையாதே’ என்று அர்த்தம். நான் அமெரிக்கா போன புதிதில் எனக்கு அந்தச் சொல் குளிர்சாதனப் பெட்டியோடு மட்டும்தான் பழக்கம். அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தான். ஒரே குண்டு. தன் வீட்டைக் காத்துக்கொண்டார் என்று ஜூரி அவரை விட்டுவிட்டது. ஜப்பானே அதிர்ந்துபோனது. பெற்றோர் சுமார் 17 லட்சம் கையெழுத்து வாங்கி அதிபர் கிளின்டனிடம் கொடுத்தார்கள்.

காஸ்டில் கதைக்குத் திரும்புகிறேன். அவர் செத்த வாரம் மான்கறி நண்பரோடு இதைப் பேசினேன். அவரிடமும் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமம் உண்டு. அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: “என்னையும் ஒருதடவை நிறுத்தினார்கள். உரிம வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி நானும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். அவர் ‘என்ன மாடல்?’ என்று கேட்டார். ஐந்து நிமிஷம் துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.”

ஒரே வாக்கியம். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். அமெரிக்காவில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் சண்டை என்று வெளியிலிருந்து பார்க்கிற நாம் நினைக்கிறோம். உள்ளே இருக்கிற கேள்வி, அது யார் கையில் இருந்தால் உரிமை, யார் கையில் இருந்தால் மிரட்டல் என்பது.

இது இன்று நேற்று வந்த கேள்வியும் இல்லை. 1791-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ‘மக்கள்’ ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். ஒப்புக்கொண்டால் என்னென்ன விபரீதம் வரும் என்று அடுக்கிய பட்டியலில் ஒன்று, அவர்கள் போகுமிடமெல்லாம் ஆயுதம் எடுத்துப் போவார்களே என்பது. அகிம்சைக்குப் பெயர்போன மார்ட்டின் லூதர் கிங், 1956-இல் தன் வீட்டில் குண்டு வெடித்த பிறகு துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போட்டார். அலபாமாவில் மறுத்துவிட்டார்கள். 1967 மே மாதம், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு போய் நின்றார்கள். அன்றைய சட்டப்படி குற்றமே இல்லை. பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கூடாது என்ற மசோதாவை எதிர்த்துத்தான் போனார்கள். மசோதா விறுவிறுவென்று நிறைவேறியது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஆதரித்தது யார் தெரியுமா? தேசிய ரைஃபிள் சங்கம்! துப்பாக்கி மேல் கை வைக்காதே என்று இன்று நாடெங்கும் முழங்குகிற அதே சங்கம். உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்து செத்த காஸ்டிலுக்காக அது பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை. கறுப்பினத் துப்பாக்கிக்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நீதிமன்றம் ஏன் போலீஸை விட்டுவிடுகிறது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு ஆரஞ்சு ஜூஸ் கதை இருக்கிறது. 1984, வட கரோலினாவின் சார்லட் நகரம். டெத்தோர்ன் கிரகாம் என்ற சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரப் பார்க்கிறது. நண்பரின் காரில் கடைக்கு ஓடினார் ஜூஸ் வாங்க. வரிசை நீளமாக இருந்ததால் வந்த வேகத்தில் திரும்பி ஓடினார். திருடன் என்று சந்தேகித்துப் போலீஸ் பிடித்தது. கால் எலும்பு முறிந்ததுதான் மிச்சம், ஜூஸ் கிடைக்கவில்லை. அவர் போட்ட வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிதான் இன்றுவரை அளவுகோல்: அந்த இடத்தில், அந்த நொடியில், நியாயமான ஒரு போலீஸ்காரருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று பார்க்க வேண்டுமே தவிர, பின்னால் உட்கார்ந்து கணக்குப் போடக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டில் ஆளுக்கொரு துப்பாக்கி இருக்கும்போது எந்தப் பயம்தான் நியாயமில்லாத பயம்? துப்பாக்கி பெருகப் பெருக, சுட்ட போலீஸ்காரரின் வாதம் பலப்பட்டுக்கொண்டே போகிறது.

காஸ்டில் செத்த மறுநாள், ஜூலை 7. டல்லஸ் நகரத்தில் கண்டன ஊர்வலம். டெக்சாஸில் துப்பாக்கியை வெளிப்படையாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதால் ஊர்வலத்தில் சிலர் ரைஃபிளோடு வந்திருந்தார்கள். ஒரு முன்னாள் ராணுவ வீரர் ஒளிந்திருந்து சுட்டதில் 5 போலீஸ்காரர்கள் செத்தார்கள். கூட்டம் சிதறி ஓடுகிறது. தோளில் ரைஃபிளோடு ஓடுகிறவர்களில் யார் கொலையாளி, யார் உரிமையைக் காட்ட வந்தவர்? சம்பந்தமே இல்லாத ஒருவர் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸ் வெளியிட்டுவிட்டது. அவர் தன் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒரு போலீஸ்காரரிடமே ஒப்படைத்துவிட்டுத் தப்பித்தார். இப்படி ஆளாளுக்குத் துப்பாக்கி தூக்கினால் நல்லவனையும் கெட்டவனையும் எப்படிப் பிரிப்பது என்று டல்லஸ் போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் பிறகு வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். அவரும் கறுப்பினத்தவர்.

எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. அரசாங்கம் அத்துமீறினால் எதிர்க்கத்தான் எங்களுக்குத் துப்பாக்கி என்பார்கள். அப்படிச் சொல்கிறவரின் வண்டிப் பின்புறத்திலேயே போலீஸை ஆதரிக்கும் நீலக் கோடு போட்ட ஸ்டிக்கரும் இருக்கும். அத்துமீறுகிற அரசாங்கம் என்றால் வாசலுக்கு வரப்போவது யார், தபால்காரரா?

எதிர்த்தரப்பிலும் முடிச்சு இருக்கிறது. துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கு என்பவர்களே போலீஸை நம்பாதே என்றும் சொல்கிறார்கள். கடுமையான சட்டத்தை அமல்படுத்த அதே போலீஸ்தானே தெருவில் இறங்கி ஆளை நிறுத்திச் சோதிக்க வேண்டும்? 2022-இல் நியூயார்க்கின் பழைய துப்பாக்கிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. அந்த வழக்கில் சட்டத்தை எதிர்த்தவர்களுக்கு ஆதரவாக மனுப் போட்டவர்களில் பிராங்க்ஸ் பகுதி ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். இந்தச் சட்டத்தில் சிறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எங்களிடம் வழக்கோடு வருகிற கறுப்பின, லத்தீன் மக்கள்தான் என்றார்கள். துப்பாக்கிச் சங்கமும் ஏழைகளின் வக்கீலும் ஒரே பக்கத்தில். இடது வலது என்று கோடு போட்டு வைத்திருப்பவர்கள் இதை எந்தப் பெட்டியில் வைப்பார்கள் என்று பார்க்க ஆசை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கையைக் காட்டுகிறார். ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய புதிதில் ஒரு ராத்திரி, கார் ஓட்டிக்கொண்டு வரும்போது சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஒன்பது வருஷப் பழக்கம். உள்விளக்கைப் போட்டேன், கண்ணாடியை இறக்கினேன், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கையை விரித்து வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏட்டு ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

“என்ன சார், இறங்கி வரமாட்டீங்களோ? அவ்வளவு பெரிய ஆளா?”